பெயோட்டே கள்ளி: மெக்சிகோ பழங்குடிகள் நெஜமாவே இப்படித்தான் சாப்பிடுறாங்களா?

மணி_நைட்ஷிப்ட்:
ரீல்ஸ்ல ஒரு டூரிஸ்ட் மெக்சிகோவுல ரியல் தே கத்தோர்சேங்கிற ஊர் பக்கம் பாலைவனத்துல கள்ளிய வேரோட பிடுங்கி தின்னுட்டு "பழங்குடி மருந்து"ன்னு அளந்துட்டு இருந்தான். அங்க உள்ளவங்க பழக்கமே இதானா, இல்ல வியூஸுக்கு விடுற கதையா?

கள்ளிக்காடு:
கதைதான். அது பெயோட்டே, உள்ள மெஸ்கலின்னு மாயக்காட்சி காட்டுற போதைப்பொருள் இருக்கு. விர்ராரிக்கா பழங்குடி மக்கள் அத ஹிகுரின்னு சொல்லுவாங்க, ஆனா அவங்க ஊரே அங்க இல்ல, ஹலிஸ்கோ நயாரித் மலைப்பக்கம், அங்கேர்ந்து ஹிகுரி தேடி நீ ரீல்ஸ்ல பாத்த பக்கம் இருக்குற விரிக்குட்டா பாலைவனத்துக்கு யாத்திரை, 500 கிமீ கிட்ட, முன்னாடி நடந்தே போவாங்க இப்பல்லாம் பெரும்பாலும் பஸ் லாரிதான். நம்மூர்ல மாலை போட்டு போற மாதிரி விரதம் உண்டு, உப்பு கூட சேர்க்க மாட்டாங்க. வழியில ஒவ்வொருத்தரும் யார் யாரோட உறவு வச்சிருந்தோம்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும் (புருஷன் பொண்டாட்டி பக்கத்துலயே இருந்தாலும், கோவப்படக் கூடாது!), மராஅக்காமேன்னு சொல்ற பூசாரி அதுக்கு ஒரு கயித்துல முடிச்சு போட்டு கடைசில நெருப்புல போட்ருவாரு. முதல் செடிய பாத்ததும் அம்பு விடுவாங்க.

மணி_நைட்ஷிப்ட்:
செடிக்கு அம்பா??

கள்ளிக்காடு:
ஆமா, மான், மக்காச்சோளம், ஹிகுரி மூணும் அவங்களுக்கு ஒண்ணுதான், அதனால அது அறுவடை இல்ல வேட்டை.

வேர்_விடு:
அவன் பிடுங்குனதுதான் எனக்கு கடுப்பு. மேல இருக்குற தலைய மட்டும் அறுத்துட்டு வேர விட்டா திரும்ப துளிர்க்கும். விதையிலேர்ந்து வளர்ந்து வர பத்து வருஷத்துக்கு மேல கூட ஆகும். மெக்சிகோ சட்டப்படி பழங்குடி சடங்குக்கு மட்டும்தான் அனுமதி, டூரிஸ்ட்டுக்கு கிடையாது. 2025ல அந்த யாத்திரை வழிய யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துட்டாங்க, இனி இன்னும் கூட்டம் வரும்னு நினைக்கிறேன்.

சும்மா_ஒருத்தன்:
எல்லாருக்கும் லீகல் ஆக்கிட்டா பிரச்சனை முடிஞ்சுது, எதுக்கு பொத்தி வைக்கணும்?

வேர்_விடு:
அமெரிக்காவுல இத கேட்டாச்சு பாஸ். 1918ல ஓக்லஹோமாவுல பதிவான, அங்க உள்ள பழங்குடிகளோட நேட்டிவ் அமெரிக்கன் சர்ச்சுக்கு பெயோட்டேதான் புனிதம். 1990ல சுப்ரீம் கோர்ட் போதைப்பொருள் சட்டத்துலேர்ந்து மதச் சடங்குக்கும் விலக்கு தரணும்னு கட்டாயம் இல்லைன்னு சொல்லிட்டாங்க, 1994ல தனி சட்டம் வந்துதான் உரிமை உறுதியாச்சு. அவ்ளோ போராடுனவங்களே, சில நகரங்கள்ல இந்த மாதிரி போதை தர்ற செடிகளுக்கு கேஸ் போடக்கூடாதுன்னு இயக்கம் கிளம்புனப்ப, பெயோட்டேவ அந்த லிஸ்ட்ல சேக்காதீங்கன்னு கேட்டாங்க. டெக்சாஸ் தெற்குல ஏற்கனவே செடி கொறஞ்சு போச்சு, உங்க ஐடியா வந்தா மிச்சமும் காலி.