காரில் தனியாக உட்கார்ந்திருப்பது ஜெபமா, வீட்டைவிட்டு ஓடுவதா?

செம்பனைக்காட்டு அக்கா:
வணக்கம். நான் மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா பக்கம் (எங்களுக்கு இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்). இரண்டு அறை வீட்டில் ஏழு பேர். டிவி நின்றால் மாமியாரின் ரேடியோ, அது நின்றால் பையனின் போன். ஐந்து மாதமாக, ஏழு மணி ஷிஃப்டுக்கு முன்னால், செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் போகும் மண்ரோட்டு முனையில் என் வீவா காரை நிறுத்தி அரைமணி உட்காருகிறேன். பைபிள் மடியில் இருக்கும், லைட் போடமாட்டேன்.

பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. கார் தவணை, சின்னவளின் பஸ் காசு, முந்தாநாள் நாத்தனார் சொன்ன ஒரு சொல் என்று வரிசையாக வருகிறது. சில நாள் தூங்கியே போகிறேன். இதை செல் குரூப்பில் (சபையின் சிறு ஜெபக்குழு) சொன்னபோது ஒருவர், "கூட்டு ஜெபத்துக்கு வர நேரமில்லை, காட்டில் உட்கார மட்டும் நேரம் இருக்கா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனாலும் குத்திவிட்டது. மூன்று புதன்கிழமை நான் போகவில்லை என்பதும் உண்மைதான்.

பழைய கிராணி, சித்தியவான்:
தங்கச்சி, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். இயேசுவும் அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனார், மாற்கு 1:35. முந்தின சாயங்காலம் ஊரே வாசலில் கூடி நின்றதையும் சேர்த்துப் படியுங்கள். காலையில் சீமோன் தேடிப்பிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். அவர் கோபப்படவில்லை. அந்தக் கூட்டத்திடம் திரும்பவும் இல்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். எங்கே போவது என்பது அந்த இருட்டில்தான் தெளிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா 19 பிள்ளை பெற்றவர். வீட்டில் ஒதுங்க இடமில்லாமல் ஏப்ரனைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு ஜெபிப்பார் என்று எங்கள் மெதடிஸ்ட் சபையில் வழிவழியாகச் சொல்வார்கள். உங்களுக்கு வீவா. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து தன் மரவரிசைக்குள் போய்விட்டால் அவரும் நெற்றி விளக்கும்தான். மரத்துக்கு ஒரு ஆளாகப் பெயர் சொல்லி ஜெபிப்பாராம். என் பெயர் விழுந்த மரத்தில்தான் பால் குறைவு என்று கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டார், அது வேறு கதை.

மெர்தாஜாம் பையன்:
அக்கா, நான் கத்தோலிக்கன். தூக்கத்துக்காகக் கவலைப்படாதீர்கள். லிசியே நகர் குழந்தை தெரேசாள் கார்மேல் மடத்தில் செப நேரத்தில் வருடக்கணக்காகத் தூங்கி விழுந்தவர். பிள்ளை தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றவர்களுக்கு ஒரே பாசம்தான் என்று எழுதிவைத்தார். 1897-இல் 24 வயதில் இறந்தார், 1925-இல் புனிதர் பட்டமே கிடைத்தது.

தவணையை விரட்டாமல் அதையே ஆண்டவரிடம் சொல்லுங்கள். பழங்காலத் துறவி வனத்து அந்தோணியார் பாலைவனத்துக்குப் போனபோதும் நிம்மதியா கிடைத்தது? உள்ளே கிடந்ததெல்லாம் அங்கேதான் கிளம்பி வந்தது. நாத்தனார் சொன்னது மட்டும் நாலாம் நாளும் வந்தால், நேரில் போய்ப் பேசிவிடுங்கள்.

கிள்ளான் சகோதரன்:
நான் கொஞ்சம் மறுபக்கம். சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் 10:25 சொல்கிறது. மூன்று புதன் நாலாகும். "நானும் ஆண்டவரும் போதும்" என்று இரண்டு வருடம் இருந்தவன் நான். அப்பா இறந்த அன்று, வீட்டுக்கு வந்து நாலு பாட்டுப் பாட யாரைக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை.

அப்புறம், பெண்பிள்ளை தனியாக இருட்டில் இருக்கிறீர்கள். காரை ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்துங்கள், கதவைப் பூட்டுங்கள். மத்தேயு 6:6-உம் கதவைப் பூட்டத்தானே சொல்கிறது!

செம்பனைக்காட்டு அக்கா:
பூட்டிவிட்டேன். இந்தப் புதன் கூட்டத்துக்கும் போனேன், கேள்வி கேட்டவர்தான் அன்று வரவில்லை. நாத்தனாரிடம் இன்னும் பேசவில்லை.

இன்று காலை தூங்கவில்லை. எலி பிடிப்பதற்காக எஸ்டேட்டில் கம்பம் நட்டு வைத்த ஆந்தைப் பெட்டி ஒன்று அங்கே உண்டு. விடியுமுன் அது சத்தமில்லாமல் வந்து உள்ளே நுழைந்ததைப் பார்த்தேன். சங்கீதம் 102-இல் பாழான இடத்து ஆந்தை என்று வருமே, அதை முதல்முறையாக லைட் போட்டு வாசித்தேன். தவணை ஞாபகம் வந்தபோது மணி ஆறே முக்கால்.