சிப்பிப்பாறைக் குட்டியை ராத்திரி எங்கே படுக்க வைப்பது?

மாடிவீட்டான்:
கோவில்பட்டிப் பக்கமிருந்து சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று வாங்கி வந்திருக்கிறோம், வயது இரண்டு மாதம். பகலெல்லாம் சமர்த்து, விளக்கை அணைத்ததும் ஆரம்பிக்கிற அழுகை தெருவுக்கே கேட்கிறது. நாய் நிலைப்படி தாண்டக் கூடாது, போர்ட்டிகோவில் கட்டிப்போடு என்கிறார் அம்மா. மனைவியோ கட்டிலிலேயே படுக்கட்டும் என்கிறாள். என்ன செய்யலாம்?

கோம்பைக்காரர்:
அம்மா சொல்வதைக் கேள் தம்பி. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம் அது. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து நாய் உண்டு, எல்லாம் தொழுவத்தோரம் கோணிச்சாக்கில் படுத்து வளர்ந்தவைதான். நாலு நாள் கத்தும், அப்புறம் தானாக அடங்கும். கத்தும்போதெல்லாம் ஓடிப்போய்த் தூக்கினால், கத்தினால் ஆள் வரும் என்று கற்றுக்கொண்டுவிடும்.

ஐப்பசிமழை:
அடங்குகிறது என்றால் பயம் தெளிந்துவிட்டது என்று அர்த்தமில்லை அண்ணா. போன வாரம் வரை தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கிய உயிர் அது. உங்கள் தொழுவத்தில் மாடும் பெரிய நாய்களும் பக்கத்தில் இருந்திருக்கும், இவர் வீட்டுப் போர்ட்டிகோவில் துணைக்கு இருப்பது ஸ்கூட்டர். அதோடு சிப்பிப்பாறைக்கு முடியும் குட்டை, உடம்பில் கொழுப்பும் இல்லை, மழைச் சாரல் அடித்தால் நடுங்கிப்போகும். தடுப்பூசி வேறு 16 வாரம் வரை விட்டு விட்டுப் போட வேண்டியிருக்கிறது, அதற்குள் தெருநாய் வந்துபோகிற இடத்தில் விட்டால் பார்வோ என்கிற வைரஸ் நோய் தொற்றலாம், வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக இரண்டு மூன்று நாளில் குட்டி போனாலும் போய்விடும்.

கோம்பைக்காரர்:
பார்வோ செருப்பிலேயே வரும் அம்மணி. படுக்கையறைக்கு மட்டும் வராதா?

ஐப்பசிமழை:
வரும், அதனால்தான் செருப்பை வாசலில் விடச் சொல்கிறார்கள். நான் கட்டிலிலும் ஏற்றச் சொல்லவில்லை. ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே பழைய நைட்டி, அதைக் கட்டிலுக்குக் கீழே கை எட்டுகிற தூரத்தில் வையுங்கள். முனகும்போது கையைத் தொங்கவிட்டால் மோந்து பார்த்துவிட்டுப் படுத்துவிடும். இந்த வயதில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்க முடியாது, பக்கத்தில் இருந்தால்தான் அது எழுந்து சுற்றுவது தெரியும், தூக்கிக்கொண்டு வெளியே போகலாம். பழகப் பழக, பெட்டியை நாளுக்குக் கொஞ்சமாக ஹாலுக்கு நகர்த்துங்கள்.

ஜிம்மியப்பா:
கட்டிலில் போட்டால்தான் என்ன? எங்கள் வீட்டில் ஜிம்மி தலையணையே வைத்துக்கொள்கிறான்.

ஐப்பசிமழை:
ஜிம்மி வளர்ந்தவன். குட்டிக்கு வயிற்றில் பூச்சி இருக்கும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து கொடுக்கிற வயது. தூக்கத்தில் உருண்டு விழுந்தால் அந்தக் குச்சிக் கால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள்.

மாடிவீட்டான்:
அம்மாவிடம் பேசினேன். பூஜை அறைப் பக்கம் வரக் கூடாது, ஹாலில் கதவோரம் வேண்டுமானால் இருக்கட்டும் என்று இறங்கி வந்திருக்கிறார். கொஞ்ச நாளைக்கு நானே ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறேன். பூஜை அறைக்குப் போகாமலிருக்கச் சங்கிலி போடலாமா?

கோம்பைக்காரர்:
சங்கிலி மட்டும் வேண்டாம். ராத்திரியில் சுற்றிச் சுற்றிக் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். பூஜை அறைக் கதவைச் சாத்து, கதவில்லையென்றால் ஒரு பலகையைக் குறுக்கே வை. ஆறு மாதம் ஆனதும் வெளியே கொண்டுவா, அதில் நான் மாறமாட்டேன்.

ஐப்பசிமழை:
ஆறு மாதத்தில் அம்மாவே விடமாட்டார், பாருங்கள்.