கோத்தகிரி சோலைப் பக்கம் பார்த்த பறவை, பெயர் சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் வீடு லாங்வுட் சோலைக்குப் பக்கம். 2024-இல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த காடு, இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் இப்போதுதான் அதன் ஓரப் பாதையில் தினமும் காலையில் மகளோடு நடக்கிறேன். நேற்று பாசி படர்ந்த மரத்தில் சிட்டுக்குருவி அளவில் ஒரு பறவை, முதுகு ஊதா கலந்த நீலம், அலகு நல்ல சிவப்பு, நெற்றி மட்டும் கறுப்பு, தலைகீழாகவே இறங்கி வந்து பட்டை இடுக்கைக் கொத்திக்கொண்டிருந்தது. என்ன பறவை இது? தமிழ்ப் பெயர் இருந்தால் ரொம்ப சந்தோஷம், மகள் நோட்டில் எழுதி வைக்கிறாள்.

அப்புறம், தேயிலைத் தோட்டத்து வளைவில் காட்டுமாடு அடிக்கடி நிற்கிறது, மூடுபனியில் கிட்டே போன பிறகுதான் தெரிகிறது. அசையாமல் நிற்பதா, மெல்லப் பின்வாங்குவதா? இங்கே நடந்து பழகியவர்கள் சொல்லுங்கள்.