கேம்பாயில் கானாத் தாளம்: டோலக் ஒரு பக்கம், மெட்டு ஒரு பக்கம் போகிறது. உதவி தேவை

கல்மண்டபம்:
வணக்கம். பர்மா பஜாரில் பழைய சாம்பல் நிறக் கேம்பாய் (நின்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் கருவி) ஒன்று கிடைத்தது. நான்கு பென்சில் பேட்டரி போடும் முதல் மாதிரி. அதில் லிட்டில் சவுண்ட் டிஜே என்ற இசையமைப்பு மென்பொருளை ஓட்டி, கருவியின் ஒலிச் சிப்பிலேயே உருவாக்கும் சிப் இசை பழகி வருகிறேன். ராயபுரத்தில் பிறந்துவிட்டு வேறு எதை முயல்வது? கானாத் தாளத்தைத்தான் அதன் நான்கு ஒலிச் சானலுக்குள் (பல்ஸ் 1, பல்ஸ் 2, வேவ், நாய்ஸ்) கொண்டுவரப் பார்க்கிறேன்.

ஒரு பிரேஸுக்கு (சுரங்களை எழுதும் சிறு துண்டு) 0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் என்று 16 படி என்பதால் தாளம் அதில் உட்காரவில்லை. டோலக் ஓடும் பல்ஸ் 1, நாய்ஸ் இரண்டிலும் ‘சி’ படியில், அடுத்த பிரேஸுக்குத் தாவச் சொல்லும் எச் 00 கட்டளையைப் போட்டு 12 படியாகக் குறுக்கினேன். டோலக் அருமையாக வருகிறது. ஆனால் பல்ஸ் 2-இல் உள்ள மெட்டும் வேவ் சானலில் உள்ள அடித்தொனிப் பேஸும் முதல் சுற்று முடிவதற்குள் விலகிவிடுகின்றன. அதைவிட வேடிக்கை, சற்று நேரத்தில் தாமாகவே வந்து சேர்ந்துகொண்டு மறுபடியும் பிரிகின்றன. பழைய கருவி என்பதால் வேகம் தடுமாறுகிறதா?

இன்னொன்று. பல்ஸ் 1-இல் சுருதியை வழுக்கும் எஸ் கட்டளையால் ‘கும்ம்’ என்று வழுக்கி இறங்கும் இடது கை அடியைச் செய்திருக்கிறேன். அதையே பல்ஸ் 2-க்கு நகலெடுத்தால் வழுக்கல் காணாமல் போய், கதவைத் தட்டுவதுபோல் வெறும் ‘டொக்’ மட்டுமே கேட்கிறது.

சானல் நான்கு:
கருவியை எதற்குத் திட்டுகிறீர்கள் தம்பி? ‘தாமாகவே வந்து சேர்கின்றன’ என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. ஒவ்வொரு சானலும் தன் பிரேஸை முடித்தவுடன், மற்றவற்றுக்குக் காத்திராமல் அடுத்ததற்குப் போய்விடும். டோலக்குக்கு 12, மெட்டுக்கு 16. நான்கு பன்னிரண்டும் மூன்று பதினாறும் 48. ஆக 48 படிக்கு ஒருமுறை சந்தித்துக் கைகுலுக்கிவிட்டுப் பிரிகின்றன. வேகம் தடுமாறினால் இவ்வளவு ஒழுங்காகத் திரும்பி வராது.

பாட்டில் வரும் எல்லாப் பிரேஸிலும் ‘சி’ படியில் எச் 00 இருக்க வேண்டும். ஓய்வுக்காக வைத்த வெற்றுப் பிரேஸிலும்தான். பெரும்பாலும் அங்கேதான் விட்டுப்போகும். எச் 00 மட்டும் உள்ள பிரேஸ் ஒன்றை முதலில் செய்துகொண்டு, பிரேஸ்களை வரிசையாகக் கோக்கும் செயின் திரையில் செலக்டை அழுத்தியபடி பி, ஏ பட்டன்களை அழுத்தி அதை குளோன் (தனி நகல்) எடுத்து அதன்மேல் எழுதுங்கள்.

எஸ் விவகாரம் வன்பொருளைச் சேர்ந்தது. சுருதியைத் தானே வழுக்கும் ஸ்வீப் சுற்று, கேம்பாய் சிப்பில் முதல் பல்ஸ் சானலுக்கு மட்டும்தான் உண்டு. 1989-இலேயே அப்படித்தான் செய்தார்கள். பல்ஸ் 2-இல் சுருதியை வளைக்கும் பி (P) கட்டளையால் இறக்குங்கள். பி எஃப்0 (PF0)-வில் தொடங்கி, காதுக்கு ஏற்ப மாற்றுங்கள்.

மின்ட் தெரு:
இத்தனை எச் 00 எதற்கு? 16 படியை அப்படியே விட்டுவிட்டு, படிகளின் நீளத்தை வைக்கும் குரூவ் திரையில் 6, 6 என்று இருப்பதை 8, 4 ஆக்கினால் போதுமே. ஒரு படி நீளம், ஒரு படி குட்டை. குலுக்கல் தானாக வந்துவிடும்.

வியாசை:
எனக்கு இந்தக் கருவி தெரியாது, டோலக் தெரியும். வியாசர்பாடிக் கச்சேரிகளில் வாசிக்கிறேன். மின்ட் தெரு அண்ணன் சொல்வதில் ஒரு சந்தேகம். நம் தாளம் தகிட, தகிட என்று மும்மூன்றாக நடப்பது. 8-க்கும் 4-க்கும் இடையில் ‘த’ இருக்கிறது, ‘ட’ இருக்கிறது; ‘கி’ எங்கே? அந்த ‘கி’யில்தான் விரல் தோலை மெல்லத் தொட்டு எடுக்கும். அது போனால் குலுக்கல் இருக்கும், கானா இருக்காது.

கல்மண்டபம் தம்பிக்கு: 12 படியென்றால் நான்கு தகிட. நான் வாசிப்பது இப்படி: 0, 6 இரண்டிலும் இடது கை, 3, 9 இரண்டிலும் வலது கை ஓங்கி, ‘கி’ விழும் 1, 4, 7, 10 நான்கிலும் கேட்டும் கேட்காமலும். எல்லா அடியையும் ஒரே பலத்தில் வைத்தீர்களானால், எந்தக் கருவியாக இருந்தாலும் உயிர் இருக்காது.

சானல் நான்கு:
வியாசை சொல்வது சரி. தம்பி, நீங்கள் திரையில் பார்க்கும்போது 10-ஆம் படி ‘ஏ’ என்று இருக்கும். மெல்லிய அடிக்கு நாய்ஸில் இ (E) கட்டளை போடுங்கள். முதல் இலக்கம்தான் தொடக்க ஒலியளவு. ஓங்கிய அடிக்கு எஃப் (அதுதான் உச்சம்), ‘கி’க்கு 3 அல்லது 4.

இன்னொரு விஷயம், டெம்போ. அந்த எண் நான்கு படியை ஓர் அடியாகக் கணக்கிடுகிறது. உங்களுக்கு மூன்று படிக்கு ஓர் அடி. 120 என்று வைத்தால் உண்மையில் 160-இல் ஓடும், பாடகருக்கு மூச்சு முட்டும். 120 வேண்டுமென்றால் 90 வையுங்கள். பாட்டின் நடுவே டி (T) கட்டளையால் மாற்றுவதானால் பதினாறடிமான எண்ணில் எழுத வேண்டும்: 90 என்பது 5ஏ.

மின்ட் தெரு:
‘கி’ வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். என் பாட்டுகள் எல்லாம் ஸ்விங் வகை. அங்கே நடு அடி தேவைப்பட்டதில்லை.

கல்மண்டபம்:
அண்ணன்மார்களே, சேர்ந்துவிட்டது! இடைவேளைக்கு வைத்திருந்த வெற்றுப் பிரேஸ் ஒன்றில்தான் கடைசிவரை மாட்டிக்கொண்டிருந்தது. ‘கி’யை 3-இல் வைத்தேன், கேட்ட என் அத்தை, யார் வீட்டில் டோலக் என்று எட்டிப் பார்த்தார். ஆனால் வேவ் சானல் பேஸ் மட்டும் கருவியின் ஸ்பீக்கரில் கேட்கவே மாட்டேன் என்கிறது.

மின்ட் தெரு:
அந்தக் குட்டி ஸ்பீக்கரில் அடித்தொனி வராது; ஹெட்போன் மாட்டிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஸ்பீக்கரிலும் கேட்க வேண்டுமென்றால் ஒரு ஸ்தாயி மேலே ஏற்றுங்கள், அல்லது வேவ் வடிவத்தை மழுங்கலாக வைக்காமல் ரம்பம்போல் கூர்மையாக்குங்கள். ஆம்ப்ளிஃபயரில் இணைக்கும் நாளில் அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், இரைச்சல் குறையும்.