ஸ்கூல் தெருவுல மணல் மூட்டை வச்சு செஞ்சு பாத்தது – உங்க ஊர் அனுபவத்தையும் எழுதுங்க

வணக்கம் நண்பர்களே, தருமபுரி டவுன்ல நாங்க கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு ஸ்கூல் தெருவுல நெரிசலைக் குறைக்க தற்காலிகமா செஞ்சு பாத்ததை எழுதுறேன். உங்க பக்கம் இந்த மாதிரி ஏதாச்சும் நடந்திருந்தா கீழ போடுங்க, நீளமா இருந்தாலும் பரவால்ல.

அந்தத் தெருவுல சாயங்காலம் பெல் அடிச்சதும் பசங்க மொத்தமா வெளிய வருவாங்க, கூட்டிட்டுப் போக வந்த டூவீலர் எல்லாம் கேட்டை ஒட்டி ரெண்டு மூணு வரிசையா நிக்கும், நடுவுல ஷேர் ஆட்டோ திரும்பும், மெயின் ரோட்டுல இருந்து கார் வேகம் குறைக்காமயே உள்ள வளையும். எல்லாரும் கேட்டுட்டு இருந்தது ஸ்பீட் பிரேக்கர். நாங்க என்ன சொன்னோம்னா எதையும் கட்டுறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் தற்காலிகமா மாத்திப் பாப்போம், ஒத்து வரலைன்னா அன்னைக்கே எடுத்துரலாம். அப்படி சொன்னதாலதான் கடைக்காரங்க கூட சரின்னாங்க.

முதல் வேலை எண்ணுறது. ஒன்பதாவது படிக்கிற பொண்ணுங்க நோட்டு எடுத்து, நடந்து போறவங்க தனி, சைக்கிள் தனி, டூவீலர் தனின்னு கோடு போட்டுக் குறிச்சாங்க. வெளியூர் வண்டி குறுக்க பூந்து போறதாலதான் நெரிசல்னு பெரியவங்க எல்லாம் நினைச்சுட்டு இருந்தோம், ஆனா நோட்டுல வந்தது வேற. குறுக்க போற வண்டி கம்மி. பெல்லுக்கு ரொம்ப முன்னாடியே வந்து கேட் கிட்ட நின்னுட்டு இருக்குற நம்ம பெத்தவங்க வண்டிதான் வழியை அடைச்சுட்டு இருந்துச்சு, நடந்து வர்ற பசங்கதான் அதிகம், அவங்களுக்கு கால் வைக்க இடமில்ல. அதனால தெருவை மூடுற பேச்சையே விட்டுட்டு, வண்டி காத்து நிக்கிற இடத்தை கொஞ்சம் தள்ளி கோயில் மதில் ஓரமா மாத்துறதுன்னு முடிவாச்சு. அந்த இடத்தைக் காட்டுனதே ஒரு ஷேர் ஆட்டோ அண்ணன்தான்.

அப்புறம் மெயின் ரோட்டு முனை. முனை அகலமா வளைஞ்சு இருந்தா வண்டி பிரேக் பிடிக்காமயே திரும்பும், அதே முனையைக் குறுக்கி செங்கோணம் மாதிரி ஆக்குனா வேகம் தன்னால குறையும், ரோட்டைத் தாண்ட வேண்டிய தூரமும் குறையும். இதைப் பேப்பர்ல வரைஞ்சு காட்டுனா யாருக்கும் புரியல. சுண்ணாம்புக் கோடு போட்டு மேல மணல் மூட்டை அடுக்குனோம், டவுன் பஸ் டிரைவர் ஒருத்தரை கேட்டுக்கிட்டோம், அவரும் பொறுமையா திரும்பிப் பாத்துட்டு "பின் சக்கரம் ஏறுது, ரெண்டு அடி உள்ள தள்ளுங்க"ன்னார். தள்ளுனோம், சரியாச்சு. சிமெண்ட் போட்டு கட்டியிருந்தா அந்த ரெண்டு அடிக்கு மறுபடி டெண்டர்தான். ஆம்புலன்ஸ் வந்தா என்ன பண்றதுன்னு கேட்டாங்க, அதுக்கு மூட்டைக்கு நடுவுல கயிறு மட்டும் கட்டி, அதைத் தூக்க ஒரு ஆள் நின்னாரு.

பூ விக்கிற பாட்டி சொன்னதை கட்டாயம் எழுதணும். "தம்பி, நீங்க ரோட்டை அகலம் பண்ணாலும் மதியானம் எவன் நடப்பான், நெழல் எங்க இருக்கு?" அதுக்கப்புறம் தான் மதியத்துலயும் எண்ணுனோம், பாட்டி சொன்னது நெஜம், வெயில் பக்கத்துல ஆளே இல்ல, எதிர்ல கடை தாழ்வாரத்தை ஒட்டியே நெருக்கிக்கிட்டுப் போறாங்க. இப்ப நாங்க நகராட்சிக்குக் குடுத்த மனுவுல முதல் கோரிக்கையே மரம்தான், புங்கன், வேம்பு.

கூட்டத்துல ஒருத்தர் இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம், நம்ம ஊருக்கு ஆகாதுன்னார். ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தங்க எழுந்து புதுக்கோட்டை கதையைச் சொன்னாங்க. 1990கள் ஆரம்பத்துல பெரியவங்களுக்கு எழுதப் படிக்க சொல்லிக்குடுத்த அறிவொளி இயக்கம் நடந்தப்ப, கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் ஆதரவோட, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் மைதானத்துல சைக்கிள் கத்துக்கிட்டாங்க, வகுப்புக்கு, சந்தைக்கு, தண்ணிக்குன்னு யாரையும் எதிர்பாக்காம போனாங்க. ஜனங்களே இறங்கி செஞ்ச போக்குவரத்து சோதனைக்கு இதைவிட என்ன வேணும்னு கேட்டாங்க, கூட்டம் அமைதியாயிருச்சு.

———
கிருஷ்ணகிரியில இருந்து ஒரு கடைக்காரர்:

நான் இதுக்கு எதிர்ப்பா இருந்தவன், அதை மறைக்கல. எங்க கடைத்தெருவுல சாயங்காலம் மட்டும் பார்க்கிங்கை எடுத்துப் பாக்கலாம்னு பேச்சு வந்தப்ப வியாபாரம் படுத்துரும்னு பயந்தோம். சங்கத்துல ஒரு யோசனை சொன்னாங்க, வர்ற கஸ்டமர்கிட்ட எப்படி வந்தீங்கன்னு மட்டும் கேட்டு கல்லா பக்கத்துல எழுதி வைங்கன்னு. எழுதி வச்சோம். பஸ்ல இறங்கி நடந்து வர்றவங்கதான் கூட, கடை வாசல்ல நிக்கிற கார்ல பாதி எங்க கடைக்காரங்களோடதே! ஆனா சரக்கு இறக்குற நேரத்தை காலையில ஒதுக்கணும், மாங்கா சீசன்ல லோடு வண்டிக்கு தனி ஏற்பாடு வேணும், அதை இப்பவே சேத்துக்கிட்டாதான் எங்க ஆளுங்க நிப்பாங்க.

———
ஓசூர் சிப்காட் பக்கம் வேலை பாக்குற ஒரு அக்கா:

எங்க ஷிப்ட் விட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்குற வழியை நாங்க பொண்ணுங்களே ராத்திரியில சேந்து நடந்து, லைட் எரியாத கம்பம், மூடாத கால்வாய், டீக்கடை சாத்துனப்புறம் ஆளே இல்லாத இடம் எல்லாத்தையும் ஒரு சார்ட்ல குறிச்சோம். 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் காசு இல்ல, பெரிய உதவி, ஆனா அந்த ஸ்டாப் வரைக்கும் பயமில்லாம நடந்தாத்தானே பஸ் ஏற முடியும். சார்ட்டை குடுத்தப்புறம் சில கம்பத்துல லைட் வந்துச்சு, கால்வாய் இன்னும் அப்படியே இருக்கு.

———
ஸ்டாக்ஹோம்ல கொஞ்ச வருஷம் வேலை பாத்துட்டு வந்த ஒரு தருமபுரிக்காரர்:

அங்க 2006 ஜனவரில இருந்து ஜூலை வரைக்கும், நகரத்துக்குள்ள கார் வந்தா கட்டணம்னு சோதனையா நடத்துனாங்க. தொடங்குறதுக்கு முன்னாடி பெரும்பாலானவங்க எதிர்ப்பு, ஆனா போக்குவரத்து கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சதை கண்ணால பாத்தப்புறம் செப்டம்பர்ல ஓட்டு போட்டப்ப நகரத்துல ஆதரவு ஜெயிச்சுச்சு, 2007 ஆகஸ்ட்ல நிரந்தரமாச்சு. நியூயார்க்ல டைம்ஸ் ஸ்கொயர்ங்கிற இடத்துலயும் 2009ல வண்டியை நிறுத்தி பிளாஸ்டிக் சேர் போட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. நம்ம சென்னை பாண்டி பஜார்லயும் 2019ல நடைபாதை வளாகம் திறக்குறதுக்கு முன்னாடி வண்டியை நிறுத்தி சோதிச்சுப் பாத்தாங்க. நீங்க முன்னாடி எண்ணுன மாதிரியே மூட்டையை எடுத்தப்புறமும் எண்ணுங்க, அந்தக் கணக்கு இருந்தா ஆபீஸ்ல யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

———
பாலக்கோட்டுல இருந்து ஒருத்தர்:

அண்ணா, அனுமதி எப்படி வாங்குனீங்க? எங்க பஸ் ஸ்டாண்ட் பக்கம் செய்யணும்னு ஆசை.

———
முதல்ல எழுதுனவர்:

தம்பி, நகராட்சி கமிஷனருக்கு ஒரு மனு, டிராஃபிக் போலீசுக்கு ஒண்ணு, ரெண்டுலயும் தேதி, நேரம், எந்த முனை, என்ன பொருள் வைக்கிறோம், யார் பொறுப்புன்னு தெளிவா எழுதி ஸ்கூல் கடிதத்தையும் இணைச்சோம். உங்களுக்கு பேரூராட்சி செயல் அலுவலரைப் பாக்கணும். சந்தை நாளை மட்டும் தவிர்த்துருங்க. போறதுக்கு முன்னாடி ஆட்டோ ஸ்டாண்ட்லயும் தள்ளுவண்டிக்காரங்ககிட்டயும் பேசி கையெழுத்து வாங்கிருங்க, அதைப் பாத்துதான் எங்க மனுவையே கையில எடுத்தாங்க.