அமீன் பாடத்தில் ஓர் உதவி வேண்டும்

வணக்கம். மண்டபம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு மாலையில் வேதியியல் சொல்லித் தருகிறேன். இப்போது அமீன் பாடம், அதாவது அம்மோனியாவின் ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் கார்பன் தொகுதி சேர்ந்த சேர்மங்கள். பெரும்பாலும் மீன்பிடிக் குடும்பங்கள் என்பதால் மீன் வாடையிலிருந்தே தொடங்கினேன். கடல்மீன் செத்தபின் அதிலுள்ள டிரைமெத்தில் அமீன் ஆக்சைடை பாக்டீரியாக்கள் டிரைமெத்தில் அமீனாக மாற்றுகின்றன. அந்த வாடை அதுதான். குழம்பில் புளி கரைத்து விட்டால் அமிலத்தோடு சேர்ந்து ஆவியாகாத உப்பாகிவிடும், வாடை அடங்கும். "எங்க அம்மாவுக்கு இது எப்பவோ தெரியும் சார்" என்றாள் ஒரு பிள்ளை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்! கொதிநிலையும் புரிந்துவிட்டது: நைட்ரஜனில் ஹைட்ரஜன் இல்லாததால் மூலக்கூறுகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகாமல் டிரைமெத்தில் அமீன் சுமார் 3 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கிறது; அதே மூலக்கூறு வாய்பாடுள்ள புரொப்பைல் அமீனுக்கு 48 டிகிரி வேண்டும்.

அப்புறம்தான் சிக்கல். மெத்தில் தொகுதி (CH₃) கூடக் கூடக் காரத்தன்மை கூடும் என்றேன். வாயு நிலையில் அது சரி. நீரிலோ இரண்டு மெத்தில் உள்ள டைமெத்தில் அமீனைவிட மூன்று உள்ள டிரைமெத்தில் அமீன் வலிமை குறைந்த காரம். புரோட்டானை (H⁺) ஏற்றபின் உண்டாகும் அதன் அயனியை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிலைப்படுத்துவது குறைவு என்று சொன்னால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். இதைக் கண்முன் காட்ட ஒரு மாதிரியோ நல்ல உவமையோ உங்களிடம் இருக்கிறதா? ஆய்வகம் கிடையாது, லிட்மஸ் தாள் மட்டும் உண்டு. வெள்ளிக்கிழமை மறுபடியும் வகுப்பு, அதற்குள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.