பழைய இங்கிலாந்துப் பவுனா, 24 கேரட் காசா: சேமிப்புக்கு எது?

கொங்குவாசி:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பவுன் அளவுக்குத் தங்கம் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். நகை வேண்டாம், காசாகவே வேண்டும். நகைக்கடையில் 24 கேரட் 8 கிராம் காசு கிடைக்கிறது. நாணயக் கண்காட்சிகளில் விக்டோரியா ராணி, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட பழைய பவுன் விற்கிறார்கள். தங்க மதிப்புக்கு மேல் பத்து சதவீதம் கேட்கிறார்கள், "இது சேகரிப்புப் பொருள், விலை தனியாக ஏறும்" என்கிறார்கள். வெளிநாட்டில் மேப்பிள் லீஃப், க்ரூகர்ராண்ட் என்று வாங்கி அடுக்கி வைக்கிறார்களே, அது எந்த வகை? எந்த நோக்கத்துக்கு எதை வாங்குவது சரி என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உரைகல்:
தம்பி, வாங்குவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: நாளைக்கு இதை யாரிடம் விற்கப் போகிறீர்கள்? நகைக்கடையில் என்றால் அவர்கள் பார்ப்பது எடையும் தரமும் மட்டும்தான். காசில் லட்சுமி இருந்தாலும் ஜார்ஜ் மன்னர் இருந்தாலும் உருக்கும் விலைதான் போடுவார்கள். இன்னொரு சேகரிப்பாளரிடம் விற்றால் மட்டும்தான் வருடம், அச்சிட்ட இடம், தேயாத முகம் இதற்கெல்லாம் காசு வரும். தங்கம் சேர்க்கிறவர் சேகரிப்பு விலை கொடுத்து வாங்கிவிட்டுக் கடைசியில் நகைக்கடை வாசலில் போய் நிற்பதுதான் இதில் அதிகம் நடக்கும் நஷ்டம்.

ஒரு கணக்கு பாருங்கள். வசதிக்காக 24 கேரட் கிராம் ரூ.10,000 என்று வைத்துக்கொள்வோம். 8 கிராம் காசுக்குத் தங்கம் 80,000. செய்கூலி 4% என்றால் 3,200. மொத்தத்தில் 3% ஜிஎஸ்டி 2,496. கையை விட்டுப் போவது 85,696. மறுநாளே விற்றால், கடைக்காரர் 2% பிடித்துக்கொண்டு 78,400 தருவார். தங்கம் 9.3% ஏறினால்தான் போட்ட காசு திரும்பும்.

இதே கணக்கை 1 கிராம் காசுக்குப் போடுங்கள். அதற்கு 8% செய்கூலி கேட்டால், 13.5% ஏற வேண்டும். 50 கிராமுக்கு 1.5% என்றால் 6.7% போதும். சின்னக் காசுதான் எப்போதும் அதிகம் தின்னும், ஏனென்றால் அச்சடிப்பதற்கும் உறை போடுவதற்கும் ஆகும் செலவு எடையைப் பொறுத்துக் குறைவதில்லை. மாதாமாதம் 1 கிராம் வாங்குவதைவிட, பணத்தைச் சேர்த்து வைத்து 8 அல்லது 10 கிராமாக வாங்குவது மேல்.

இப்போது உங்கள் பழைய பவுன். அதன் எடை 7.988 கிராம், 22 கேரட். உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் 7.322 கிராம். 24 கேரட் 8 கிராம் காசில் கிட்டத்தட்ட 8 கிராமும் தங்கம்தான். "இரண்டும் ஒரு பவுன்" என்று சொல்லி ஒரே விலைக்கு யாராவது தள்ளினால் ஏமாறாதீர்கள். மேலே சொன்ன விலையில் இந்தப் பவுனின் தங்க மதிப்பு 73,220. பத்து சதவீதம் கூட்டினால் 80,542. நகைக்கடையில் 2% பிடித்தால் 71,756 வரும். ஜிஎஸ்டியைச் சேர்க்காமலே 12.2% ஏற வேண்டியிருக்கிறது. சேமிப்புதான் நோக்கம் என்றால் இது சரிப்படாது.

இன்னொன்று: வங்கிகள் தங்கக் காசு விற்கும், திரும்ப வாங்காது. வாங்கின கடையிலேயே விற்றால் சில இடங்களில் பிடித்தம் குறைவு. அதற்கு பில்லும், பிரிக்காத உறையும் வேண்டும். உறையைப் பிரித்துத் தொட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

காசுப்பெட்டி:
உரைகல் அண்ணா போட்ட கணக்கு சேமிப்பவருக்குச் சரி. ஆனால் பழைய பவுனை ஒரே கூடையில் போட வேண்டாம். பத்து சதவீதம் கொடுக்கத் தகுந்த பவுனும் உண்டு, ஒரு சதவீதம்கூடக் கொடுக்கக் கூடாத பவுனும் உண்டு.

நாம் பேசும் இங்கிலாந்துப் பவுனின் பெயர்தான் சவரன். இன்றைய வடிவிலான சவரன் 1817-ல் தொடங்கியது. லண்டன் தவிர சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா, பிரிட்டோரியா, நம் பம்பாய் என்று பல இடங்களில் அச்சானது. ஐந்தாம் ஜார்ஜ் பவுனைத் திருப்பி, புனித ஜார்ஜ் குதிரையில் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். வருடத்துக்கு நேர் மேலே, தரைக் கோட்டில் பொடி எழுத்து இருக்கும். S சிட்னி, M மெல்போர்ன், P பெர்த், C கனடா, SA தென்னாப்பிரிக்கா, I இந்தியா. எழுத்தே இல்லையென்றால் லண்டன். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இல்லாமல் இதை வாங்கவே போகாதீர்கள்.

பம்பாயில் அந்தக் காலத்தில் சவரன் அடித்தது 1918 ஒரே வருடம்தான், ஏறக்குறைய 13 லட்சம் காசு. "இந்தியாவில் ஒரே வருடம்" என்பதை வைத்து விலையை ஏற்றுவார்கள். 13 லட்சம் அரிது இல்லை. தேய்மானம் இல்லாமல் இருந்தால்தான் கூடுதல் கொடுக்கலாம். அதே 1918-ல் பம்பாயில் அடித்த 15 ரூபாய் தங்க மொகர் என்ற நாணயத்துக்கும் சவரனின் எடை, தரம்தான். 2013 முதல் எம்எம்டிசி-பேம்ப் என்ற நிறுவனம், பிரிட்டன் நாணயச் சாலையான ராயல் மின்ட்டின் உரிமத்தோடு இந்தியாவிலேயே I எழுத்துப் போட்டு அடித்தது, அது வேறு கணக்கு.

1917 என்று வருடம் போட்டு, எழுத்து எதுவும் இல்லாமல் ஒன்று வந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். லண்டனின் 1917 உண்மையிலேயே அரிது, அதனால் அதற்குப் போலியும் அதிகம். 1950, 60-களில் பெய்ரூட் பக்கம் அடித்த போலிப் பவுன்களில் பலவற்றில் தங்கம் சரியாகவே இருக்கும்! எடை பார்த்தாலும் உரசிப் பார்த்தாலும் தேறிவிடும். காட்டிக்கொடுப்பது வேலைப்பாடுதான்: தலைமுடிக் கோடுகள் மழுங்கியிருக்கும், படம் இல்லாத வெற்றுப் பரப்பில் பரு மாதிரிச் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், ஓரப் பல் (விளிம்பைச் சுற்றி இருக்கும் வரிவரியான வெட்டு) சீராக இருக்காது. தங்கத்துக்காக வாங்கியவருக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. சேகரிப்பு விலை கொடுத்தவருக்கு அந்தக் கூடுதல் முழுவதும் போய்விடும்.

தமிழ்நாட்டில் கிடைக்கும் பவுன்களில் இன்னொரு சிக்கல், காசுமாலையிலிருந்து கழற்றியவை. மன்னரின் தலைக்கு நேர் மேலே ஓரத்தை லென்ஸில் பாருங்கள். வளையம் ஒட்டியிருந்தால் அங்கே பல் அழிந்திருக்கும், பற்றாசு வைத்த நிறம் தெரியும். அதை அராவிப் பாலிஷ் போட்டிருந்தால் மேற்பரப்பு முழுக்க ஒரே மாதிரிப் பளபளக்கும். இரண்டுமே உருக்கும் விலைக்குத்தான். கையில் இருக்கும் பழைய காசைப் புளி போட்டோ, விபூதி போட்டோ தேய்க்கவே கூடாது. பழைய பவுனுக்கு 7.938 கிராம் என்று ஒரு சட்டக் கீழ் எல்லை இருந்தது. அதற்கும் கீழே தேய்ந்த காசைப் பழந்தங்கமாகவே எண்ணுங்கள்.

நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, நாம் வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க முடியாது. லண்டன் ஏல விலையைக் காட்டி இங்கே யாராவது விலை சொன்னால் அதை மனதில் வையுங்கள்.

சிங்கை_நிலா:
வெளிநாட்டுக் காசுகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1967-ல் தென்னாப்பிரிக்கா கொண்டுவந்த க்ரூகர்ராண்ட், சாதாரண ஆள் ஒரு ட்ராய் அவுன்ஸ் தங்கத்தை, அதாவது 31.1 கிராமை, சுலபமாக வாங்கி விற்கட்டும் என்றே அடித்தது. 22 கேரட் என்பதால் மொத்த எடை 33.93 கிராம், செம்பு கலந்ததால் சீக்கிரம் கீறல் விழாது. 1979-ல் வந்த கனடா மேப்பிள் லீஃப் சுத்தத் தங்கம், மென்மையானது, ஓரம் இலேசாக நசுங்கும். இவை அடுக்குகிறவர்களுக்கு. சீனாவின் பாண்டாவில் படம் அநேகமாக வருடத்துக்கு வருடம் மாறும், பெர்த்தின் கூக்கபரா வெள்ளிக் காசும் அப்படித்தான். அதனால் சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடுவார்கள்.

எதை வாங்குவது என்பதை வரிதான் பாதி முடிவு செய்கிறது. சிங்கப்பூரில் 2012 அக்டோபரிலிருந்து முதலீட்டுத் தங்கத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆனால் 99.5% சுத்தம் வேண்டும். அதனால் மேப்பிளுக்கு வரி இல்லை, சவரனுக்கும் க்ரூகர்ராண்டுக்கும் 9% உண்டு. பிரிட்டனில் தலைகீழ்: 1837-லும் அதற்குப் பிறகும் அடித்த சவரன் அந்நாட்டுச் சட்டப்படியான பணம், விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. அங்கே சேமிப்பவர்கள் சவரன் வாங்குவதற்கு அதுவே பெரிய காரணம். அதைப் பார்த்து இந்தியாவில் யாரும் வாங்க வேண்டாம். ஊருக்குக் கொண்டுவரும்போது தங்கத்துக்கான சுங்கச் சலுகை நகைக்கு மட்டும்தான், காசுக்கு வரி கட்ட வேண்டும்.

கொங்குவாசி:
மிக்க நன்றி. நோக்கம் சேமிப்புதான் என்று தெளிந்துவிட்டது. வீட்டிலேயே சோதிக்க முடியுமா? வெள்ளிக் காசு எப்படி? அவசரத்துக்கு அடகு வைக்கலாமா?

உரைகல்:
சோதனைக்கு 0.01 கிராம் காட்டும் தராசும், விட்டமும் கனமும் அளக்கும் கேலிப்பரும் போதும். முதலில் எடை, பிறகு விட்டமும் கனமும். சவரன் என்றால் 22.05 மில்லிமீட்டர் விட்டம், சுமார் 1.5 கனம். எடை சரியாக இருந்து கனம் கூடினால் உள்ளே மட்டமான உலோகம்.

அடுத்து நீர் சோதனை. தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்க விடுங்கள். காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். சவரனுக்குத் தராசு 0.45 கிராம் அளவில் காட்டும், 24 கேரட் 8 கிராமுக்கு 0.41. டங்ஸ்டன் என்ற உலோகம் மட்டும் 24 கேரட்டில் இந்தச் சோதனையை ஏமாற்றும், அதன் அடர்த்தி 19.25, தங்கம் 19.3. அது பெரிய கட்டிகளில்தான் அதிகம் பயப்பட வேண்டியது. கடையில் எக்ஸ்ரே விட்டுத் தரம் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் மிஷினும் மேல் தோலை மட்டுமே படிக்கும், கனமான முலாம் இருந்தால் ஏமாறும். அதனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

வெள்ளிக்கு வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி தங்கத்தைவிடப் பெரிது, இடமும் அடைக்கும். பிவிசி உறையில் வைத்தால் பச்சைப் பிசுக்கு வரும், ரப்பர் பேண்ட் போட்டால் கந்தகத்தால் கறுக்கும். சேமிப்பு வெள்ளியைப் பூஜைக் காசோடு சேர்க்காதீர்கள், குங்குமம் கறை பிடிக்கும்.

அடகு: கட்டித் தங்கத்துக்கு வங்கிகள் கடன் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. காசுக்கு ஒரு ஆளுக்கு 50 கிராம் வரை உண்டு, வங்கி விற்ற காசாக இருந்தால் பேச்சு சுலபம். அவசரத்துக்கு உதவ வேண்டும் என்றால் அந்த எல்லைக்குள் வரும் முதல் ஆறு பவுனைக் காசாகவே வாங்குங்கள். வரி: 24 மாதம் தாண்டி விற்றால் 2024 ஜூலை 23 முதல் நீண்டகால ஆதாய வரி 12.5%, 24 மாதத்துக்குள் விற்றால் உங்கள் வருமான வரி விகிதம். வாங்கிய தேதிக்குச் சாட்சி பில்தான். கடைகள் தரும் வெப்பத்தாள் பில் இரண்டு வருடத்துக்குள் மங்கிவிடும், வாங்கின அன்றே நகல் எடுத்து வையுங்கள்.